கருப்பன் வராத மாசி

ராசிங்காபுரம் பால்சாமிக்கு இரண்டு வேலை. விடிந்ததும் ஏலக்காய் பறிக்கிற பெண்களை ஜீப்பில் மலைக்கு ஏற்றிப் போவது ஒன்று. மாசித் திருவிழாவில் கருப்பசாமி இறங்கியதும் ஆடிக் குறி சொல்வது இன்னொன்று. பதினெட்டு வருஷமாக உறுமி முழங்கினால் போதும், கருப்பன் நேரே அவர்மேல்தான் வருவான்.

போன மாசியில் வரவில்லை. உறுமிக்காரர்களுக்குக் கை ஓய்ந்துவிட்டது, ஊரே அவர் முகத்தைப் பார்த்து நிற்கிறது. வேறு வழியில்லாமல் மனுஷன் நாக்கைத் துருத்திக்கொண்டு ஆடிவிட்டார். ஆடியதோடு விட்டிருக்கலாம். அவர் ஜீப்பில் தோட்டத்துக்கு வருகிற இருளம்மாள் தன் மகள் பானுப்பிரியாவின் கல்யாணத்துக்குக் குறி கேட்டதும், மேற்கேயிருந்து வருகிற வரனைத் தட்டாதே என்று வாய்க்கு வந்ததைச் சொல்லித் திருநீறும் பூசினார். அடுத்த மாதமே, மலைக்கு மேற்கே இருக்கிற பூப்பாறையிலிருந்து மாப்பிள்ளை வந்து நின்றான்.

அவன் முதல் மனைவியை அடித்து விரட்டியவன் என்று பூப்பாறை டீக்கடையில் காதில் விழுந்த நாளிலிருந்து பால்சாமிக்கு இருப்புக் கொள்ளவில்லை. பின்சீட்டில் இருளம்மாள் தினமும் கல்யாணப் பேச்சாகவே வந்தாள். போடிமெட்டு வளைவுகளில் கியர் மாற்றக்கூட மறந்தார்.

நிச்சயத்துக்கு நான்கு நாள் இருக்கையில், தோட்டத்து வாசலில் அவளைத் தனியே நிறுத்தி எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். அவள் அழவில்லை, ஏசவும் இல்லை. மகளும் சொந்தபந்தமும் சாமி வாக்கையே பிடித்துக்கொண்டிருக்க, டீக்கடைப் பேச்சை யார் கேட்பார்கள் என்றாள்.

"ஒரு தடவ பொய்யா ஆடுனீகல்லண்ணே, என் மகளுக்காக இன்னொரு தடவ ஆடிருங்க. கருப்பன் வேணாம்னுட்டா முடிஞ்சு போகும்."

வெள்ளிக்கிழமை கருப்பன் கோயிலில்தான் நிச்சயம். தட்டு மாற்றும் முன் பால்சாமி கச்சை கட்டினார், அருவாளை வாங்கினார், நாலு அடி ஆடவும் செய்தார். எதிரே கருப்பன் முறுக்கிய மீசையோடு நிற்கிறான். பால்சாமிக்கு உடம்பெல்லாம் கூசியது. அப்படியே நின்றுவிட்டார்.

"கருப்பன் வரல. மாசியிலயும் வரல, நாந்தேன் பொய் சொன்னேன். இவன் மொதப் பொண்டாட்டிய அடிச்சு வெரட்டுனவன். பிள்ளையக் குடுத்துறாதீக."

மாப்பிள்ளை வீட்டார் குதித்தார்களே தவிர, இல்லையென்று சொல்லவில்லை. பானுப்பிரியா மாலையைக் கழற்றி வைத்துவிட்டு அம்மா பக்கத்தில் போய் நின்றாள். பூசாரி அருவாளைப் பிடுங்கிக்கொண்டார்.

ஊர் ஏசியதைப் பால்சாமி பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நாளைக்கே கருப்பன் நிஜமாகவே வந்து தன்மேல் இறங்கினால் யார் நம்புவார்கள் என்பதுதான் மனுஷனை இன்றைக்கும் உட்கார விடவில்லை.