பார்வதம்மா பார்த்த டயர்

ஊரிகம் தங்கச் சுரங்கத்துச் சயனைடு ஆலையில் கித்தான் கொட்டகை என்று ஒன்று இருந்தது. அரைத்த மண்ணைப் பெரிய பெரிய தொட்டிகளில் நிரப்பி, மருந்துத் தண்ணீர் ஊற்றி, அதில் கரைந்து இறங்குகிற தங்கத்தைப் பிடிப்பார்கள். தொட்டியின் அடியில் வடிகட்ட விரிக்கிற முரட்டுத் துணிதான் கித்தான். அது கிழிந்தால் மண்ணும் சேர்ந்து இறங்கிவிடும். அன்றைய வேலை அத்தனையும் பாழ். அதனால் ஒவ்வொரு கித்தானும் மருந்து போக நன்றாக அலசிக் காய்ந்தபின் முறைவைத்துக் கொட்டகைக்கு வரும். ஒட்டுப் போட்டால் தாங்குமா, தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு விரிக்கவேண்டுமா என்று அங்கே ஒருத்தி சொல்லுவாள். அவள் பேர் பார்வதம்மா.

சொல்லுவது அவள்தான். ஆனால் அதைத் தூக்கிக்கொண்டு போய் ஆலையின் வெள்ளைக்காரத் துரையிடம் தன் சொல்லாகச் சொல்லுவது மேஸ்திரி ராஜப்பா. பத்து வருஷமாக இதுதான் ஏற்பாடு. துரையும் "ராஜப்பா கித்தானில் கெட்டிக்காரன்" என்று நம்பிக்கொண்டிருந்தார். பார்வதம்மாவுக்கு இதில் எரிச்சல் இல்லை என்று சொன்னால் நான் பொய் சொல்லுகிறேன் என்று அர்த்தம். எரிச்சல் நிறைய இருந்தது. இருந்தாலும் தன் கண்ணும் கையும் தப்புவதில்லை என்கிற கர்வம் அதைவிட நிறைய இருந்தது. அந்தக் கர்வத்தோடு அவள் கொட்டகையில் நடப்பதைப் பார்த்தால் ஆலையே அவளுடையதோ என்று தோன்றும்.

குடியாத்தத்துப் பக்கத்தில் பிறந்தவள். புருஷன் பெருமாள் சுரங்கத்துக்குள் மரம் முட்டுக்கொடுக்கிற வேலையில் இருந்தான். ஷிப்டு முடிந்து அவன் மேலே வந்தால், அன்றைக்கு எந்தக் கித்தான் செத்தது, எது பிழைத்தது என்று கேட்காமல் சோறு கிடைக்காது. துணியை வெயிலுக்கு எதிரே பிடிப்பாள். நேராக இழுக்கமாட்டாள், கோணலாக இழுப்பாள். "நேரா இழுத்தா எல்லாத் துணியும் நல்லாத்தான் கீது" என்பாள். கடைசியில் நாக்கு நுனியால் ஒரு தொடு. புளித்தால் திராவகம், அதாவது அமிலம், அரித்த துணி; அதன் கதை முடிந்தது.

1908-ல் வால்டர் துரை மோட்டார் வாங்கினார். அவர்தான் சயனைடு ஆலைக்குப் பெரியவர். அந்த வருஷம் வெயில் ஏறுமுன் துரைசாணியையும் எட்டு மாதக் குழந்தையையும் பெங்களூருக்கு அனுப்பவேண்டியிருந்தது. ரயில் இருக்கிறது. ஆனால் மோட்டார் வாங்கினவர் பெண்டாட்டியை ரயிலில் அனுப்புவாரா? மோட்டாரில்தான் என்று முடிவாயிற்று. வண்டி ஓட்டுகிறவன் கிளாரன்ஸ் என்கிற சட்டைக்காரன், ஆங்கிலோ-இந்தியன். நம் தமிழைத்தான் பேசுவான்.

புறப்படவேண்டிய அன்று காலையில், வண்டியின் மேற்கூரைக் கித்தான் கிழிந்திருக்கிறது, தைக்க ஆள் வேண்டும் என்று பங்களாவிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். ராஜப்பா பார்வதம்மாவைக் கூட்டிக்கொண்டு போனார். அவள் மேலே ஏறித் தைத்துக்கொண்டிருக்கிறாள். கீழே கிளாரன்ஸ் பின்சக்கரத்து டயரைக் கழற்றிக்கொண்டிருக்கிறான். முந்தின நாள் ஆலைச் சாலையில் கிடந்த, பாறை குடைகிற உளியின் உடைந்த முனை டயரின் நடுவில் ஏறிவிட்டது. கட்டைவிரல் நுழையும் ஓட்டை.

"இது போச்சு" என்று கிளாரன்ஸ் அதை ஓரமாக எறிந்தான். உள்ளே போய் மாற்று டயரை உருட்டிக்கொண்டு வந்தான். சாம்பல் நிறத்தில், ஒரு கீறல் இல்லாமல், கல்யாணத்துக்குப் புறப்பட்ட மாப்பிள்ளை மாதிரி இருந்தது.

பார்வதம்மா ஊசியைத் துணியில் குத்திவைத்துவிட்டுக் கீழே இறங்கினாள். முதலில் எறிந்ததைத் தூக்கினாள். ஓட்டை வழியாக உள்ளே விரலை விட்டுத் தடவினாள். அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

"ரப்பருக்குள்ள இருக்கறது கித்தான்தானே!"

"ஆமா. நாலு மடிப்பு" என்றான் கிளாரன்ஸ்.

"அப்ப இது சாகல. நடுவுல குத்திக்கீது. சுத்தி நூலெல்லாம் உசிரோட கீது. ஒட்டினா ஓடும்." பிறகு மாற்று டயருக்குப் போனாள். உள்பக்கத்தைத் தடவினாள், கோணலாக அழுத்தினாள், கடைசியில் நாக்கால் தொட்டாள். காறித் துப்பினாள். "இத்த எங்க வெச்சிருந்தீங்க?"

கிளாரன்ஸுக்குப் பெருமை தாங்கவில்லை. "திராவக ரூம்ல. ரெண்டு பூட்டு, ராத்திரி பகலா பாராக்காரன். திருட்டுக்கு அதைவிடப் பத்திரமான எடம் ஏது?"

அந்த ஊரில் எல்லோருக்கும் இருந்த புத்திதான் அது. தங்கச் சேற்றைத் திராவகம் விட்டுக் கழுவுகிற அறைக்குத்தான் ஊரிலேயே பலமான காவல். அதனால் விலை உயர்ந்த சாமான் எது வந்தாலும் அங்கே கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். திருடன் வரமாட்டான், சரி. திராவக ஆவி எந்தக் காவல்காரனைக் கேட்டுக்கொண்டு வரும்? அந்த அறைப் பக்கம் போய்வந்த புடவை மூன்று துவைப்பில் கந்தலாவது பெண்களுக்குத் தெரியும். பூட்டுப் போட்டவர்களுக்குத் தெரியவில்லை.

"நூலு வெந்து போச்சு. இது ஓடாது" என்றாள் பார்வதம்மா.

அந்த நேரம் பார்த்து வால்டர் துரை படியிறங்கி வந்தார். ராஜப்பா ஓடிப்போய் முந்திக்கொண்டார். "ஒண்ணுமில்ல தொரை, இந்தப் பொம்பள என்னமோ உளறுது." ஆனால் துரை கேட்டார், கிளாரன்ஸ் சொன்னான், துரை சிரித்தார். ரப்பரைத் திராவகம் ஒன்றும் செய்யாது என்று அவர் படித்திருந்தார்.

"ரப்பரத் தின்னாது தொரை. நூலத் தின்னும். நீங்க வெளியே பாக்கறீங்க, நான் உள்ளே பாக்கறேன்."

வேலைக்காரி ஒருத்தி நேருக்கு நேராக இப்படிப் பேசி துரை கேட்டதில்லை. அவர் முகம் சிவந்தது. "இதை மாட்டு. நான் உட்கார்ந்து போய் வருகிறேன். ஒன்றும் ஆகவில்லையென்றால், பொம்பளே, நாளைக்கு ஆலைக்கு வராதே."

ராஜப்பா அவள் காதருகே வந்தார். "இன்னாம்மே, தெரியாம சொல்ட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிடு. போறது உன் வேலைதான்."

வாஸ்தவம். கொட்டகை போனால் அவளுக்கு என்ன இருக்கிறது? மண் சுமக்கிற கூடை இருக்கிறது. வயிறு பிழைக்கும். ஆனால் கூடையைத் தலையில் வைத்தவளிடம் எது நல்லது, எது கெட்டது என்று யார் வந்து கேட்கப்போகிறார்கள்? ஆனாலும் விரலில் பட்டது பட்டதுதான்.

"தெரிஞ்சுதான் சொன்னேன் மேஸ்திரி."

டயரை மாட்டிக் காற்றடித்தார்கள். கிளாரன்ஸ் வியர்க்க விறுவிறுக்க அடித்தான். ஒன்றும் ஆகவில்லை. துரை ஏறினார். வண்டி புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஊரிகம் ஸ்டேஷன் வரைக்கும் போயிற்று. அங்கேயிருந்து பாலகாட் சுரங்கத்துப் பக்கம் ஒரு சுற்று. முக்கால் மணி நேரத்தில் திரும்பிவந்து அதே இடத்தில் நின்றது. நாலு சக்கரமும் நன்றாகவே இருந்தன.

துரை இறங்கினார். அவளைப் பார்க்கக்கூட இல்லை. கேட் பக்கம் கையைக் காட்டினார், அவ்வளவுதான். ராஜப்பா 'உச்' கொட்டினார். பார்வதம்மா ஊசிப் பையை எடுத்து இடுப்பில் செருகினாள்.

துரைசாணி குழந்தையோடு வெளியே வந்து வண்டிப் படியில் கால்வைக்கப் போனாள்.

கேட்டுக்கு நடந்துகொண்டிருந்தவள் ஒருமுறை திரும்பினாள். கண் தானாக, வண்டிக்கு அடியில், அந்தப் பின்சக்கரத்தின் உள்பக்கத்துக்குப் போயிற்று. அங்கே, யாரும் குனிந்து பார்க்காத இடத்தில், ஒரு எலுமிச்சம்பழ அளவுக்குப் புடைப்பு. வேலை போனவளுக்கு இதில் என்ன வந்தது? பேசாமல் போயிருக்கலாம். வழியில் வெடித்தால், அவள் சொன்னதுதான் சரி என்று எல்லோரும் சொல்லுவார்கள். அதைவிடப் பெரிய ஜெயம் ஏது? பார்வதம்மா அப்படிப்பட்ட ஜெயத்துக்கு ஆசைப்பட்டவள் இல்லை. ஓடிவந்தாள். துரைசாணிக்கும் வண்டிக்கும் நடுவில் கையை நீட்டி மறித்தாள்.

"ஏறாதீங்கம்மா. கொழந்தய எடுத்துக்கினு அப்பால போங்க."

"ஏய்! தொடாதே!" என்று ராஜப்பா அலறினார். துரை ஏதோ இங்கிலீஷில் கத்தினார். துரைசாணி மட்டும் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டுக் குழந்தையை மார்போடு அணைத்துப் பத்தடி பின்னால் போனாள். கிளாரன்ஸ் குனிந்து உள்பக்கத்தில் கையை வைத்தான்; சூடு பட்டவன்போல எடுத்தான். "சார், வீங்கிக்கிட்டே வருது..."

அவன் எழுந்து நாலடி வைத்திருப்பான். வெடித்தது. சுரங்கத்தில் வேட்டு வைத்த மாதிரி ஒரு சத்தம். ராஜப்பா பழக்கதோஷத்தில் தலையை மூடிக்கொண்டு தரையில் குப்புற விழுந்தார். மரத்திலிருந்த காக்காய் அத்தனையும் பறந்தன. குழந்தை வீறிட்டு அழுதது.

புழுதி அடங்கினதும் துரை டயருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். கிழிந்த இடத்தில் தொங்கின கித்தானை இரண்டு விரலால் பிடித்தார். அது உதிர்ந்து அவர் உள்ளங்கையில் மாவாகக் கொட்டியது. பிறகு எழுந்து, ஓரமாகக் கிடந்த ஓட்டை டயரைத் தன் கையாலேயே தூக்கிக்கொண்டு வந்து பார்வதம்மாவின் முன்னால் வைத்தார்.

"இதை ஒட்ட எத்தனை நேரம் ஆகும்?"

"நாளைக்கு மத்தியானம் வரைக்கும். நாளைக்கு நான் வரலாமா தொரை?"

"வா" என்றார்.

அவள் ஊசியையே எடுக்கவில்லை. "தையல் போட்டா முடிச்சு உள்ள இருக்கற டியூப அறுத்துடும், பசைதான் சரி" என்று கிளாரன்ஸிடம் ரப்பர் பசை டப்பாவை வாங்கினாள். கொட்டகையிலிருந்து புதுக் கித்தான் மூன்று துண்டு. ஒன்றைவிட ஒன்று பெரிசு, ஒவ்வொன்றும் நூலோட்டம் மாறி மாறி. ஓரத்து நூலைப் பிரித்துப் பிரித்து மெலிதாக்கினாள், விரலுக்கு விளிம்பே தெரியாதபடிக்கு. செத்த டயரிலிருந்து ரப்பரை வெட்டி வெளி ஓட்டையை அடைத்தாள். மேலே இரும்புப் பாளம் ஏற்றிவைத்தாள். ராஜப்பா ஒருமுறை ஏதோ யோசனை சொல்ல வாயைத் திறந்தார். அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவர் வாயை மூடிக்கொண்டார்.

மறுநாள் மத்தியானம் டயரை மாட்டியதும் துரை, "நானே ஏறிப் பார்க்கிறேன்" என்றார்.

"வேணாம். ஒட்டுனது நானு. நான் ஏறறேன்" என்றாள் பார்வதம்மா.

ஊரிகத்துத் தொழிலாளர் லைன் வீடுகள் அதுவரை பார்க்காத காட்சி அது. துரையின் மோட்டாரில், கிளாரன்ஸுக்குப் பக்கத்தில், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கம்பு மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து ஒருத்தி போகிறாள். பின்னால் எடைக்கு நாலு கல் மூட்டை. அப்போதுதான் ஷிப்டு விட்டுச் சுரங்கக் கூண்டிலிருந்து வந்துகொண்டிருந்த ஜனம் வழியில் நின்றது. அதில் பெருமாளும் இருந்தான். "யாருடா அது தொரைசாணி?" என்று பக்கத்திலிருந்தவன் கேட்டான். "எம் பொஞ்சாதிடா" என்று ஊருக்கே கேட்கிறமாதிரி கத்தினான் பெருமாள். அவள் திரும்பிப் பார்த்துச் சிரிக்கவில்லை. காது டயரிலேயே இருந்தது.

ஸ்டேஷன், பாலகாட், மறுபடியும் பங்களா. இறங்கினாள். மூட்டைகளை இறக்கி, துரைசாணியின் பெட்டிகளை ஏற்றினார்கள். கிளாரன்ஸ் முன்னால் போய், வண்டியைக் கிளப்புகிற கைப்பிடியைச் செருகினான். ஆனால் சுற்றவில்லை, பார்வதம்மாவைப் பார்த்தான். துரையும் அவளைத்தான் பார்த்தார். குழந்தையை வைத்துக்கொண்டு துரைசாணி படிக்குப் பக்கத்தில் காத்திருந்தாள். மேஸ்திரி ராஜப்பா துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார்.

பார்வதம்மாவுக்கு ஒரு அவசரமும் இல்லை. முன்சக்கரம் இரண்டையும் சுற்றிவந்தாள்; குனிந்து உள்பக்கம் தடவினாள், அழுத்தினாள். பின்னால் வலது சக்கரத்துக்கு வந்து அதையும் அப்படியே பார்த்தாள். கையைத் தட்டிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"இன்னொண்ணு பாக்கலியே?" என்றான் கிளாரன்ஸ், ஒட்டுப்போட்ட டயரைக் காட்டி.

"அத்த இன்னாத்துக்குப் பாக்கணும்? அது நான் ஒட்டுனது" என்றாள். துரைசாணி ஏறி உட்காரும்வரை குழந்தையை வைத்துக்கொள்ளக் கையை நீட்டினாள். துரைசாணி குழந்தையை அவளிடம் கொடுத்துவிட்டு வண்டியில் ஏறினாள்.