ரவி இல்லாத வீடியோ

2012இல் நான் சுவிஸின் கூர் நகரில் கலியாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன். ஞாயிறுகளில், பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்து ஆடுகிற ஒரு கழகத்துக்கும் நான்தான் கமராக்காரன். அந்தப் பருவம் அங்கே விளையாட வந்தவன் ரவி. சுவிஸிலேயே பீல் நகரில் பிறந்த எங்கள் தமிழ்ப் பிள்ளை. ஜேர்மனி, ஒஸ்ரியா என்று ஐந்து கழகங்கள் மாறியவன். பந்தோடு ஓடுகிறவன் எல்லைக்கோட்டைத் தாண்டுவதற்காக எதிராளிகளை மறித்துத் தள்ளுவதுதான் அவன் வேலை. பந்தைத் தொடவே மாட்டான்.

கடைசி ஆட்டத்துக்கு முந்தின கிழமை என் வீட்டுக்கு வந்தான்.

"மச்சான், அடுத்த கழகம் நான் விளையாடின வீடியோ கேக்குது. இருக்கோ?"

"ஓம், எல்லா ஆட்டமும் கிடக்கு" என்று பெருமையோடு போட்டுக் காட்டினேன்.

மணமகளின் பின்னால் போவதுபோல என் கமரா பந்தின் பின்னாலேயே போயிருந்தது. ஒவ்வொரு முறையும் மூன்றாவது விநாடியில் ரவி திரைக்கு வெளியே போய்விட்டான்.

அவன் சிரித்தான். "என்ரை அம்மாவும் பந்தைத்தான் பாக்கிறவ, மச்சான்."

கடைசி ஆட்டத்தில் நான் ரவியை மட்டுமே எடுத்தேன். கடைசி நிமிடத்தில் எங்கள் ஆள் ஒருவன் பந்தோடு எல்லைக்கோட்டைத் தாண்ட, வென்றோம். அந்த வெற்றி ஓட்டம் வீடியோவில் இல்லையென்று கழகத்தில் என்னைத் திட்டித் தீர்த்தார்கள். ரவிக்கு அடுத்த கழகம் கிடைத்தது.

அந்த வீடியோவை இன்றும் போட்டுப் பார்ப்பேன். எங்கோ சனம் ஆர்ப்பரிக்கிறது. ரவி தான் விழுத்தியவனைக் கைகொடுத்துத் தூக்கிவிட்டு என் பக்கம் திரும்புகிறான்.

"மச்சான், தாண்டிட்டானோ?"

"தெரியேல்லையடா" என்கிறது என் குரல். "நான் உன்னைத்தான் பாத்துக்கொண்டு நிண்டனான்."