மூன்று விரல் இல்லாதவருக்கு ஒரு ரீல்

என் வீட்டுக்காரர் பரந்தாமனுக்கு மீன் சாப்பிடவே பிடிக்காது. முள் தொண்டையில் மாட்டும் என்று பயம். பிடிப்பதற்கு மட்டும் அப்படி ஒரு பைத்தியம். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் ரெட்ஹில்ஸ், பொன்னேரி, பழவேற்காடு என்று பஸ் மாறி மாறிப் போய்விடுவார். சாயங்காலம் கொண்டுவரும் மீனை நான் ஆய்ந்து தெருவுக்கெல்லாம் கொடுப்பேன், அவர் ரசம் ஊற்றிச் சாப்பிடுவார். இதைச் சொன்னால் இன்றைக்கும் அவருக்குக் கோபம் வரும். வரட்டும், உள்ளதைத்தானே சொல்கிறேன்.

நாங்கள் ஆவடி சேக்காட்டில் குடியிருந்தோம். அவருக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் தகடு அழுத்தும் ஒரு பிரஸ் ஷாப்பில் வேலை, எனக்கு இரண்டு தெரு தள்ளி முலாம் பூசும் ஒரு பிளேட்டிங் கம்பெனியில். காலை லோக்கலில் அவர் ஒரு பெட்டி, நான் லேடீஸ் பெட்டி. பட்டரவாக்கத்தில் இறங்கிச் சேர்ந்து நடப்போம். எட்டு மணிச் சங்கு ஊதுவதற்குள் போய்ச் சேர வேண்டும் என்று அத்தனை ஜனமும் ஓடும், எல்லார் கையிலும் டிபன் கேரியர் ஆடும். அந்த ஓட்டத்தில்தான் வீட்டுக் கதையெல்லாம் பேசி முடிப்போம். இன்றைக்கு நினைத்தால் அதுதான் எங்கள் வாழ்க்கையிலேயே நல்ல காலம் என்று தோன்றுகிறது. அன்றைக்குத் தெரிந்திருந்தால் கொஞ்சம் மெதுவாக நடந்திருக்கலாம்.

எண்பத்து நான்கில் அவர் கம்பெனிக்குப் புது மெஷின் மாட்ட ஒரு வெள்ளைக்காரர் வந்து மூன்று மாதம் தங்கினார். அந்த ஆளுக்கும் இதே பைத்தியம். ஆனால் அவர் தூண்டில் வேறு மாதிரி. புழு கிடையாது, இறால் கிடையாது. முள்ளில் இறகையும் நூலையும் கட்டி ஒரு பூச்சி மாதிரி செய்து வைத்திருப்பார். ஈயக்குண்டும் இல்லை. கயிறே கனமாக இருக்கும், அதைத் தலைக்கு மேலே முன்னும் பின்னும் சுழற்றிச் சுழற்றித் தண்ணீரில் விட வேண்டும். இவர் ஒரே மாதத்தில் அதைக் கற்றுக்கொண்டார். ஊருக்குப் போகும்போது அந்த மனிதர் கோலையும் கயிறு சுற்றும் ரீலையும் இவர் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனார்.

கோல் நல்ல கோல். ரீல்தான் ஆற்றில் பிடிக்கிறவர்களுக்குச் செய்த ரீல். பழவேற்காட்டு உப்புத் தண்ணீர் அதைச் சும்மா விடுமா? ஒவ்வொரு வாரமும் வந்தவுடன் நல்ல தண்ணீரில் கழுவி, என் தையல் மெஷின் எண்ணெயைத் தீர்த்து, குழந்தைக்குச் செய்கிற மாதிரி செய்தார். மூன்றாவது வருஷம் அது இறுகிக்கொண்டு சுற்றவே மாட்டேன் என்றுவிட்டது. கடலுக்கென்றே செய்த ரீல் ஒன்று வாங்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

அதற்குள் எண்பத்தெட்டு ஆடி மாசம் அந்த நாள் வந்தது. ஒரு தடவை இறங்க வேண்டிய பிரஸ் இரண்டு தடவை இறங்கியது. வலது கையில் நடுவில் இருக்கும் மூன்று விரல்கள் போயின. கட்டைவிரலும் சுண்டுவிரலும் மிச்சம். ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனது அவர் கூட்டாளி ஜம்புலிங்கம். ஆஸ்பத்திரி வாசலில் அந்த ஆள் சட்டையைப் பார்த்துத்தான் எனக்கு விஷயமே உறைத்தது.

கம்பெனி அவரை ஸ்டோரில் உட்கார வைத்தது. இடது கையால் எழுதினார், சவரம் செய்தார், ஸ்பூனால் சாப்பிட்டார். எல்லாம் பழகிவிட்டது. ஆனால் வலது கையைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டே இருப்பார். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார், யார் பேசினாலும் எழுந்து போய்விடுவார். ஞாயிற்றுக்கிழமை சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். ஜம்புலிங்கம் வந்து, "மச்சான், சும்மா வா, தண்ணியப் பாத்துக்கினு வர்லாம்" என்று கூப்பிட்டால் தூங்குகிற மாதிரி நடிப்பார். இரண்டு வருஷம் அப்படியே ஓடியது. அவர் மறுபடி தண்ணீரில் இறங்க வேண்டும், அந்தக் கையோடு மனிதனாக நடமாட வேண்டும். எனக்கு வேண்டியதெல்லாம் அதுதான்.

கடைசியில் நானே ஜம்புலிங்கத்தை இழுத்துக்கொண்டு பீச் ஸ்டேஷனுக்கு வண்டி ஏறினேன். பாரிமுனை பக்கம் கப்பல் சாமான் விற்கும் கடைகளில் கேட்டுக்கேட்டு ஒரு கடையில் கண்டுபிடித்தோம். கடைக்காரர் இரண்டு ரீலை எடுத்து வைத்தார். ஒன்று பொன் நிறம், சின்னதாக, நகைக்கடையில் வைக்கலாம் போல அழகு. இன்னொன்று கறுப்பு, தாம்பாளம் மாதிரி அகலம், தடித்த கைப்பிடி.

"தங்கக் கலர் எட்துக்கோமா. சூப்பர் சரக்கு" என்றார் கடைக்காரர்.

நான் கைக்குட்டையை எடுத்து என் வலது கையில் நடு மூன்று விரல்களையும் மடக்கி இறுக்கிக் கட்டிக்கொண்டேன். முடிச்சைப் பல்லால் இழுத்தேன். கடைக்காரர் பயந்துவிட்டார்.

"இன்னாமா, கையில அடியா?"

"எனக்கில்ல. இதச் சுத்தப் போறவருக்கு."

அந்த ஆள் இரண்டு ரீலையும் என் பக்கம் நகர்த்தி வைத்தார். பொன் ரீலின் கைப்பிடி பட்டாணி அளவுதான் இருந்தது. கட்டைவிரலும் சுண்டுவிரலும் சேர்ந்து பிடித்தால் வழுக்கிக்கொண்டு போனது. கறுப்பு ரீலின் கைப்பிடி வாகாக அகப்பட்டது. அகலமான சக்கரம் என்பதால் ஒரு சுற்றுக்கே நிறையக் கயிறு ஏறியது. இதுவரை வலது கையில் கோல் பிடித்து இடது கையால் சுற்றியவர் இனிமேல் மாற்றிச் செய்ய வேண்டும். பொன் ரீல் ஒரே பக்கம்தான் சுற்றும், கறுப்பை உள்ளே கழற்றித் திருப்பிப் போட்டால் எந்தப் பக்கமும் சுற்றலாம். ஜம்புலிங்கம் மட்டும் பொன் ரீலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"தங்கச்சி, பாத்தா ராஜா மாரி கீதும்மா."

"ராஜா உப்புல கெடப்பாரா, அண்ணாத்தே?" என்று கேட்டேன்.

"அட, கப்பல்ல வந்த சரக்குமா! கடல் தாண்டித்தான வந்துது" என்றார் கடைக்காரர். நானும்கூட ஒரு காலத்தில் ரயிலில் வந்திறங்கியவள்தான், அதற்காக என்னால் ரயில் ஓட்ட முடியுமா? எனக்குச் சுர்ரென்று ஏறியது. உப்பில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் எடுப்பேன், இரண்டையும் மூன்று நாளைக்குக் கொடு என்று நின்றேன். பெரிய வாக்குவாதம். கடைசியில் ஜம்புலிங்கத்தின் கல்யாண வாட்சைக் கழற்றி வாங்கி வைத்துக்கொண்டு கொடுத்தார்.

எங்கள் கம்பெனியில் உப்புப் பெட்டி என்று ஒன்று உண்டு. மூடி போட்ட பெரிய தொட்டி, உள்ளே சூடான உப்புத் தண்ணீர் புகையாக வந்துகொண்டே இருக்கும். முலாம் பூசிய சாமானை அதில் தொங்கவிட்டு இரண்டு நாள் கழித்துப் பார்ப்போம். துரு கண்டால் மொத்தச் சரக்கும் திரும்ப வந்துவிடும். அந்தப் பெட்டிக்கு நான்தான் பொறுப்பு. ஸ்கூட்டர் பாகங்களுக்கு நடுவே இரண்டு ரீலையும் தொங்கவிட்டேன். சூப்பர்வைசர் ரகுநாதன் ரவுண்டு வந்தார். அவருக்குக் கண் இல்லையா என்ன?

"இது எந்தப் பார்ட்டி சரக்குமா?"

"சேக்காடு பார்ட்டி சார்."

அவர் 'டிரையல்' என்று ஒரு சீட்டு எழுதி அதில் கட்டிவிட்டுப் போய்விட்டார். நல்ல மனிதர், எங்கே இருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

இரண்டு நாள் கழித்து மூடியைத் திறந்தேன். பொன் ரீல் முழுக்க வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது, உள்ளே ஸ்பிரிங் செக்கச்செவேல் என்று துரு. கறுப்பு ரீலைக் கழுவித் துடைத்துச் சுற்றினேன், சத்தமில்லாமல் ஓடியது. கைப்பிடித் திருகு ஒன்று மட்டும் துருப்பிடித்திருந்தது. ரகுநாதன் சார் அதற்கு ஒரு ஸ்டெயின்லெஸ் திருகு தேடிக் கொடுத்தார். நானே கழற்றி வலது கையால் சுற்றுகிற மாதிரி திருப்பியும் போட்டேன். கறுப்புக்குக் காசைக் கொடுத்துவிட்டுப் பொன் ரீலைத் திருப்பி வைத்தபோது கடைக்காரர் கத்தாத கத்து இல்லை. கத்தி முடித்துத் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்து, எங்கள் கண் முன்னாலேயே அதைத் திரும்பவும் கண்ணாடிப் பெட்டியில் வைத்தார். ஜம்புலிங்கம் வாட்சை வாங்கிக்கொண்டு ஓட்டமாக வெளியே வந்துவிட்டார்.

வீட்டில் ரீலைக் கொடுத்தால் இவர் தொடவில்லை.

"எவனுக்குடி வாங்கினே இத?"

"உங்களுக்குத்தான்."

"எனக்கு எதுக்கு? திருப்பிக் குட்துடு" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எனக்கு வந்ததே ஆத்திரம்! "வேணாம். நானே போய்ப் புடிக்கிறேன்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன வாய்க்குச் செய்ய வேண்டாமா? ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை கோலைத் தோளில் வைத்துக்கொண்டு ஜம்புலிங்கத்தோடு கிளம்பினேன். தெருவே வேடிக்கை பார்த்தது. பஸ் நகரும் நேரத்தில் பின்வாசலில் ஒரு ஆள் தொற்றி ஏறினார். பார்த்தால் இவர், துண்டும் கையுமாக. "கயிற அத்துப்புடுவே" என்றார்.

பழவேற்காட்டில் முழங்கால் தண்ணீரில் நின்று நான் வீசிய வீச்சை ஊரே பேசும். முதல் வீச்சிலேயே முள் ஜம்புலிங்கத்தின் சட்டைக் காலரில் மாட்டியது. அவர் கன்றுக்குட்டி மாதிரி என் பின்னாலேயே இழுபட்டு வந்தார். கரையில் இருந்த இவர் சிரித்துவிட்டார். சிரித்த வாயை மூட முடியாமல் தண்ணீரில் இறங்கி, "குட்ரி இங்க" என்று இடது கையால் கோலைப் பிடுங்கினார். ரீலைப் புரட்டிப் பார்த்தார்.

"சோத்தாங்கைப் பக்கமா மாத்தி கீது. யாரு மாத்துனது?"

"நான்தான்."

வீச ஆரம்பித்தார். முதலில் கயிறு சுருண்டு சுருண்டு அவர் தலையிலேயே விழுந்தது. பத்து மணிக்கு மேல் நேராகப் போனது. வெயில் உச்சிக்கு ஏறும் நேரம் கோல் வளைந்தது. கொடுவா! நல்ல பெரிய மீன், கயிற்றை இழுத்துக்கொண்டு முகத்துவாரத்தைப் பார்த்து ஓடியது. ரீல் பின்பக்கமாகச் சுற்றிக் கிறீச்சிட்டது, அதோடு கைப்பிடியும் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சுற்றியது. இப்படியே விட்டால் கயிறு மொத்தமும் போய்விடும். "புடி மச்சான், புடி!" என்று ஜம்புலிங்கம் தானே கையை நீட்டினார். சுற்றிய கைப்பிடி அவர் விரல் முட்டியில் பளீரென்று அடித்தது. ஐயோ அம்மா என்று விரலை வாயில் வைத்துக்கொண்டு துள்ளினார்.

இவர் துண்டை உதறிப் போட்டார். வலது உள்ளங்கையை அப்படியே ரீலின் ஓரத்தில் வைத்து அழுத்தினார். சுற்று குறைந்தது. ஆனால் கைப்பிடி இன்னும் சுழன்றுகொண்டுதான் இருந்தது, அவர் கைக்குப் பக்கத்திலேயே.

"கைய எடுங்க! அடிச்சிடப் போவுது!" என்று நான் அலறினேன்.

அவர் என் பக்கம் திரும்பினார். உள்ளங்கையை எடுக்கவில்லை. மூன்று விரல்களும் இருந்திருக்க வேண்டிய இடத்தில் அந்தக் கைப்பிடி எதன் மேலும் படாமல் விர்விர் என்று போய்க்கொண்டிருந்தது.

"அடிக்கிறதுக்கு அங்க இன்னாடி கீது?" என்று சொல்லிவிட்டு, பழவேற்காடே திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தார்.

இரண்டு வருஷத்தில் அந்தக் கையைப் பற்றி அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை அது. நான் அப்படியே சேற்றில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். "மீனு மெரண்டுடப் போவுது, சும்மா இருடி" என்று அதட்டிக்கொண்டே இரண்டு விரலால் சுற்றினார். நான் நிறுத்தவில்லை, மீன் கரைக்கு வரும் வரைக்கும் அழுதேன்.