துரை பங்களாவுக்கு முன்பணம்

போன மாதம் ஒரு சனிக்கிழமை, சுங்கை சிப்புட்டிலிருந்து அக்கா போன் செய்தார்.

"தம்பி, நம்ம தோட்டத்துத் தொரை பங்களாவ விக்கிறாங்களாம். வாசல்ல போர்டு மாட்டியிருக்கு."

அவ்வளவுதான். சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டேன்.

நாங்கள் வளர்ந்த தோட்டத்தை எப்போதோ துண்டு போட்டு விற்றுவிட்டார்கள். மேட்டின் மேல், தோட்ட மேனேஜர் துரை குடியிருந்த பங்களா மட்டும் நிற்கிறது. கல்யாணத்துக்கு முன்பு அக்கா அந்தச் சமையலறையில் வேலை பார்த்தவர். போவதும் வருவதும் பின்வாசல் வழியாகத்தான். முன்கூடத்தைக் கூட்டித் துடைத்திருக்கிறார். ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை.

"அத நீ வாங்கேன் தம்பி. நீதான் வீடு வீடா வச்சிருக்கியே. ஒரு தடவ முன்வாசல் வழியா உள்ள போய் உக்காரணும்... வேற ஒண்ணும் வேணாம்லா."

அப்பா போன பிறகு அக்காவின் சம்பளத்தில்தான் நான் பள்ளிக்கூடம் போனேன். இதுவரை அவர் என்னிடம் எதையும் கேட்டதில்லை. மறுக்க முடியுமா?

போர்டில் இருந்த எண்ணுக்கு அழைத்தேன். ஏஜெண்ட் நம்மாள்தான்.

"ஓனருக்கு அவசரம் அண்ணே. பத்து விழுக்காடு முன்பணம் கட்டுனா ஒடனே சைன் பண்ணிடலாம்."

"பேங்க் லோன் போடலாமே?"

"லோன் மிச்சத்துக்குத்தான் அண்ணே. முன்பணம் கைக்காசுலா."

கைக்காசு... அதுதானே இல்லை?

ஈப்போவில் இரண்டு வீடு. காம்பாரில் மாணவர்களுக்கு வாடகைக்கு விடும் ஒரு அப்பார்ட்மெண்ட். காகிதத்தில் நான் வசதியான ஆள். ஆனால் வருகிற வாடகை அப்படியே தவணைக்குப் போகிறது. செமஸ்டர் விடுமுறையில் காம்பார் வீடு காலி. அப்போது என் சம்பளமும் அங்கேயே போய்விடும். சரி, ஒன்றை விற்கலாமா என்று ஏஜெண்டிடமே கேட்டேன்.

"விக்கலாம் அண்ணே. காசு கைக்கு வர ஆறு மாசம் ஆவும்" என்றார் ஏஜெண்ட்.

ஏன் இப்படி மாட்டிக்கொண்டேன்? தோட்டத்துப் பிள்ளை என்பதால்தான். எங்களுக்கு வேலை போனால் வீடும் போகும் – தோட்டம் தந்த லயத்து வரிசை வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிடுவார்கள். அந்தப் பயம் இன்னும் போகவில்லை. கையில் நாலு காசு சேர்ந்தால், அதை ஒரு கூரையாக மாற்றினால்தான் தூக்கம் வரும். பேங்கில் சும்மா கிடக்கிற பணத்தைப் பார்த்தாலே உறுத்தும். என் சிநேகிதர்களில் பாதிப் பேர் இப்படித்தான். நீங்களும்தானே?

வீடு ஒதுங்க இடம் தரும். அவசரத்துக்குக் கை கொடுக்காது. அடுத்த வீட்டைப் பார்க்கக் கிளம்பும் முன், சில மாதத் தவணைக்கான பணத்தைத் தனியே போட்டு வையுங்கள். கூடவே, மனசு ஏங்குகிற ஒன்றுக்கான முன்பணத்தையும்.

அடுத்த வாரமே பங்களா வேறொருவருக்குப் போய்விட்டது. ஏஜெண்டிடம் கெஞ்சி, சாவி கைமாறும் முன் அக்காவை அழைத்துப் போனேன். முன்வாசல் திறந்திருந்தது. படியேறித் திரும்பினால் அக்காவைக் காணோம். பின்பக்கம் சுற்றிப் போய், சமையலறைக் கதவருகே நின்றிருந்தார்.

"முன்னால வாங்கக்கா. உள்ள போலாம்."

"வேணாம் தம்பி. நம்ம வீடுன்னா வரலாம்."

என் பையில் மூன்று வீட்டுச் சாவிகள் இருந்தன.