என் நம்பரில் பதிவான யோசனை

ஓசூரில் ஒரு தொழிற்சாலையில், குழாய் முனைகளில் ரப்பர் வளையம் மாட்டும் லைனுக்கு நான் சூப்பர்வைசர். பிரசவ விடுப்பு முடிந்து திரும்பியபோது, நான் இல்லாமலே லைன் நன்றாக ஓடியிருந்தது தெரிந்தது. பயமாக இருந்தது.

வளையத்தை நகத்தால் தள்ளித்தான் மாட்டுவார்கள். நகமும் கிழியும், வளையமும் கிழியும். தேன்கனிக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் வரும் காண்ட்ராக்ட் தொழிலாளி அக்கா ஒருவர், பழைய பேனா மூடியைக் கூம்பாக இழைத்துக் கொண்டுவந்தார். அதை முனையில் வைத்து வளையத்தை வழுக்கிவிட்டார். ஒரே வாரத்தில் லைன் முழுக்கப் பேனா மூடிகள்.

இப்படிப்பட்ட யோசனைகளுக்கு எங்களிடம் கைசன் என்ற யோசனைப் படிவம் உண்டு. ஆங்கிலத்தில் நிரப்பி, படமும் வரைந்தேன். காண்ட்ராக்ட் ஆட்களுக்கு எம்ப்ளாயி நம்பர் கிடையாது. சூப்பர்வைசர் தன் நம்பரைப் போட்டு, கீழே குறிப்பில் யோசனை யாருடையது என்று எழுதுவது வழக்கம். நிரந்தரம் செய்ய ஆள் எடுக்கும்போது அந்தக் குறிப்புகளைப் பார்ப்பார்கள். நான் என் நம்பரைப் போட்டேன். குறிப்பை எழுதவில்லை. மறதி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறதி இல்லை.

சிறந்த யோசனை என்று நோட்டீஸ் போர்டில் என் போட்டோ வந்தது. மீட்டிங்கில் அக்காவும் கை தட்டினார். பிறகு கேன்டீனில் என் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"போட்டோ நல்லா வந்துருக்குது மேடம்."

"உங்களுக்கு நம்பர் இல்லியேக்கா, அதான்..."

"ஆமாங்க, நம்பர் இல்ல. பேரு இருக்குது."

தட்டை இழுத்து வைத்துச் சாப்பிட ஆரம்பித்தார். நான் பாதித் தட்டோடு எழுந்துவிட்டேன்.

உழைத்தவருக்கே பலன் சேர வேண்டும் என்று கல்லூரிப் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியவள் நான். ஒரு யோசனையை நூறு பேர் பயன்படுத்தினாலும் அது குறைவதில்லையே என்று வீட்டில் குழந்தைக்கு ஊட்டியபடியே வாதாடிப் பார்த்தேன். மூடிகள் குறையவில்லைதான். அக்காவின் நிரந்தர வேலை அல்லவா தள்ளிப்போனது? எழுதியது என் உழைப்பில்லையா என்றும் கேட்டுக்கொண்டேன். அரை மணி நேர உழைப்பு.

மறுநாள் எச்.ஆர். அலுவலகத்துக்குப் போய், அக்கா பெயரைச் சேர்க்க வேண்டும் என்றேன். அங்கிருந்தவர் படிவத்தின் கடைசி வரியைக் காட்டினார். எழுதிக்கொடுக்கும் யோசனை முழுவதும் கம்பெனிக்கே சொந்தம் என்று அதில் இருந்தது. கீழே என் கையெழுத்து.

"உங்களுதும் இல்ல, அவங்களுதும் இல்ல. க்ளோஸ் பண்ணியாச்சு, விடுங்க மேடம்."

குறிப்பு இல்லாவிட்டால் அக்கா பெயர் நிரந்தரம் செய்யும் பட்டியலில் வராது என்று நான் சண்டை போட்டிருக்க வேண்டும். சரி சார் என்றேன். கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தபோது எனக்குக் கோபம் வரவில்லை. மனசு லேசாகியிருந்தது.