ஊதிப் பார்த்த மைக்

"திருவிழாவுக்குக் கட்டுற ரேடியோ செட் சத்தத்துலயே வளர்ந்த காதும்மா உன்னோடது, அதுக்குக் கிட்டாரோட நுணுக்கமெல்லாம் கேட்காது" என்று சென்னையில் நான் வேலை பழகிய ஸ்டுடியோவில் ஒருவர் சொன்னார். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் காதை நம்பாதவர்கள் எனக்குப் புதிதில்லை, இதைப் படித்துவிட்டு நீங்களும் நம்பவில்லை என்றால் இன்னும் ஒருவர் கூடினார், அவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். காலேஜில் பிசிக்ஸ் படித்தேன். அம்மா காலில் கட்டிவிட்ட கறுப்புக் கயிற்றை முதல் வருடமே அறுத்துப் போட்டவள். காத்து கருப்பு, முனி அடித்தது என்று தெருவில் யாராவது ஆரம்பித்தால் எழுந்து வந்துவிடுவேன். எந்தச் சத்தத்துக்கும் ஒரு காரணம் உண்டு, காரணம் தெரியாவிட்டால் வயரைப் பிடித்துக்கொண்டே போனால் தெரிந்துவிடும் என்றுதான் அன்றுவரை நினைத்திருந்தேன்.

சென்னையிலிருந்து திரும்பி காளவாசலில் ஒரு மாடி அறையை எடுத்து, சுவரெல்லாம் பழைய மெத்தைகளைச் சாத்தி, நானே ரெக்கார்டிங் செய்ய ஆரம்பித்தேன். கீழே வண்டிகளுக்கு சீட் கவர் தைக்கிற கடை. மதியச் சாப்பாட்டுக்கு அவர்கள் மிஷினை நிறுத்தும்போதுதான் நான் ரெக்கார்டிங் பட்டனை அழுத்த முடியும். எதிரே இருக்கிற சிக்னல் சிவப்பில் இருந்தால் ஹாரன் குறையும் என்று நினைக்காதீர்கள், அப்போதுதான் அதிகம். இந்த லட்சணத்தில் கிட்டார் ரெக்கார்டிங். ஆனாலும் செய்தேன், நன்றாகவே செய்தேன்.

இர்ஃபான் என்னோடு காலேஜில் படித்தவன். கோரிப்பாளையத்தில் அவன் அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, வாட்ச் கடை இருக்கிறது. அவனை மாதிரி கிட்டார் வாசிக்கிற ஆளை நான் நேரில் பார்த்ததில்லை. பெங்களூரில் ஒரு இசைப் பள்ளி, வாசித்ததைப் பதிவு செய்து அனுப்பினால் கேட்டுப் பார்த்து ஆள் எடுப்பார்கள். இந்தத் தடவை எடுக்கவில்லை என்றால் கிட்டாரைக் கொடுத்துவிட்டுக் கடையில் உட்காருகிறேன் என்று அத்தாவிடம் வாக்குக் கொடுத்துவிட்டான். விளையாட்டுக்கு இல்லை, குர்ஆனைத் தொட்டுக் கொடுத்த வாக்கு. அதனால்தான் என்னிடம் இருந்த மைக் போதாது, வேறு வேண்டும் என்று நான் அலைந்தேன்.

பழைய ரிப்பன் மைக் என்று ஒன்று உண்டு. உள்ளே வெங்காயச் சருகைவிட மெல்லிய ஒரு தகடு, இரண்டு காந்தத்துக்கு நடுவில் தொங்கும். நாம் போடும் சத்தத்தில் அது அசையும், அந்த அசைவுதான் பதிவாகும். கிட்டாருக்கு அதுபோல இதமான மைக் கிடையாது. புதிதாக வாங்க எனக்கு வழியில்லை. அதனால் கல்யாணம், கோயில் விசேஷத்துக்கு மைக் செட் போடுகிறவர்கள் பரணில் என்ன கிடக்கிறது என்று ஒவ்வொரு ஊராகத் தேடிக்கொண்டு போனேன். சமயநல்லூரில் பாண்டியண்ணே கடையில் கிடைத்தது. படிக்கல் மாதிரி கனம், உடம்பு முழுவதும் துளை, கழுத்தில் களிம்பு.

அவர் துணியால் துடைத்தார். துடைத்துவிட்டு நேராக வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனார். நம் ஊரில் மைக்கைக் கையில் வாங்கியவர் யாரும் பேசுவதற்கு முன் செய்கிற காரியம் ஒன்று இருக்கிறதே, இரண்டு தட்டு, ஒரு ஊதல். பூசாரியிலிருந்து மந்திரி வரைக்கும் அப்படித்தான். ரிப்பன் மைக்கில் ஊதினால் தகடு கிழிந்துவிடும். நான் பாய்ந்து பிடுங்கினேன்.

"ஊதிராதீகண்ணே, உள்ள கிழிஞ்சிரும்."

"ஊதாம எப்புடித்தா மைக்குக்கு உசுரு இருக்கா இல்லையான்னு தெரியும்?"

"நான் பாத்துக்கிறேன். எனக்குத் தெரியும்."

"அதுசரி. படிச்ச புள்ள சொன்னா சரியாத்தேன் இருக்கும்" என்று சிரித்தார். இன்னும் ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்தது. நான்தான் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

மறுநாள் மதியம், மிஷின் நின்றதும் இர்ஃபான் வாசித்தான். நம்புங்கள், ஹெட்போனைக் காதில் வைத்த உடனே எனக்குக் கண் கலங்கிவிட்டது. கம்பியில் விரல் நகரும் சத்தம்கூடத் தேனில் தோய்த்த மாதிரி இருந்தது. இர்ஃபான் கேட்டுவிட்டு, "ஏய் தனம், இது நானா?" என்றான்.

வாசிப்புக்கு முன்னால் மட்டும் ஒன்று இருந்தது. இரண்டு தட்டு. அப்புறம் யாரோ ஊதுகிற மாதிரி ஒரு மூச்சு. "நீ ஊதுனியாடா?" என்றேன். "நீ அடிச்சுப்புடுவன்னு நான் மூச்சே விடலையே" என்றான். சரி, கீழே யாரோ எதையோ தட்டியிருப்பார்கள், மின்விசிறிக் காற்று பட்டிருக்கும் என்று நினைத்து விசிறியை நிறுத்திவிட்டு மறுபடி எடுத்தேன். மறுபடியும் தட்டு, மறுபடியும் ஊதல். எத்தனை தடவை எடுத்தாலும் அவன் வாசிக்கத் தொடங்குவதற்குச் சற்று முன்னால் அது இருந்தது. நாங்கள் அறையில் உட்கார்ந்திருக்கும்போது கேட்பதில்லை, போட்டுப் பார்த்தால் மட்டும் கேட்கிறது. வியர்த்து ஒழுகிக்கொண்டு இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எனக்குப் பயம் என்று அப்போதும் சொல்லமாட்டேன், எரிச்சல்தான். வாசிப்புக்கு முன்னால் இருந்ததையெல்லாம் வெட்டிவிட்டு, நல்லதாக ஒன்றை எடுத்து அனுப்பினோம்.

எரிச்சல் போகவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் அந்த ஊதல், வண்டி ஓட்டினால் அந்த ஊதல். ஒருநாள் காலையில் மைக்கைப் பிரித்துவிடுவது என்று முடிவு செய்து திருகாணிகளைக் கழற்றினேன். உள்ளே இரண்டு காந்தம் இருந்தது. நடுவில் ஒன்றுமில்லை. மேல் பிடியில் மட்டும் நகக்கண் அளவுக்கு ஒரு கிழிசல் ஒட்டிக்கொண்டிருந்தது, கறுத்து, தொட்டவுடன் பொடியாகிவிட்டது.

ரிப்பன் இல்லாத மைக், திரி இல்லாத விளக்கு மாதிரி. அது எரியாது. பிசிக்ஸ் படிக்காதவர்களுக்கும் இது புரியும். பாண்டியண்ணேவுக்கு போன் போட்டேன்.

"அண்ணே, நீங்க குடுத்த மைக்கு உள்ள ஒண்ணுமே இல்லையே."

"இல்லதேன். அது செத்து எம்புட்டோ வருசம் ஆச்சுத்தா. சூட்டிங்குக்கு சும்மா வைக்கக் கேக்குறன்னு நெனச்சேன். அன்னைக்கி ஊதப்போனது கைப்பழக்கத்துலதேன். பழைய மைக்கு இருக்கான்னு கேட்ட, இருக்குன்னேன். ஓடுமான்னு நீ கேக்கவே இல்லையே."

எப்படிச் செத்தது என்று கேட்டேன். அவர் அப்பா மைக் செட் போட்ட காலத்தில் ஏதோ ஒரு விசேஷம். ஒருத்தர் பேச வந்து, எல்லாரையும் போல இரண்டு தட்டுத் தட்டி ஊதியிருக்கிறார். அத்தோடு போய்விட்டது. "வேற மைக்கு கொண்டு வாரதுக்குள்ள கூட்டம் கலஞ்சிருச்சாம். அந்த மனுசன் மட்டும் மேடையிலயே நிண்டுக்கிட்டு இருந்தாராம், எங்கப்பா சொல்லுவாரு."

"யாருண்ணே அவரு?"

"யாருக்குத் தெரியும். பேசியிருந்தாத்தானே தெரியும்."

இந்த இடத்தில் நீங்கள் கேட்கப்போவது எனக்குத் தெரியும். லேப்டாப்பில் இருக்கும் மைக்கில் பதிவாகியிருக்கும் என்பீர்கள். முதலில் எனக்கும் அதுதான் தோன்றியது. அதனால் லேப்டாப் மைக்கை நிறுத்தி, அது இருக்கிற ஓட்டையில் டேப்பும் ஒட்டி, வேறு எந்த வயரும் இல்லாமல், பிரித்த மைக்கை அப்படியே மூடி ஸ்டாண்டில் மாட்டினேன். இர்ஃபானை வரச் சொல்லி உள்ளே டார்ச் அடித்துக் காட்டினேன். அவன் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, "சும்மா வாசி, ஒண்ணும் விழாது" என்றேன்.

வாசித்தான். திரையில் கோடு எழுந்து எழுந்து ஆடியது. அதே தேன், அதே இதம்.

அந்தத் தடவை வாசிப்புக்கு முன்னால் தட்டு இல்லை. ஊதலும் இல்லை. மூச்சு உள்ளே போகிற சத்தம் இருந்தது. ஒருவர் நெஞ்சு நிறைய இழுத்துக்கொண்டு, வாயைத் திறந்து, முதல் வார்த்தையைத் தொடங்கப்போகிறாரே, அது. அந்த இடத்தில் இர்ஃபான் மீட்டிய முதல் கம்பியின் சத்தம் விழுந்துவிட்டது. அவர் நின்றுவிட்டார். அதை எத்தனையோ தடவை போட்டுக் கேட்டுவிட்டேன். கம்பி விழுந்தவுடன் நிற்கிறது, வாயை மூடிக்கொண்டது மாதிரி.

இர்ஃபான் கிட்டாரை உறையில் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டு இறங்கிப் போனான்.

அதற்கப்புறம் நான் படித்தவள் செய்ய வேண்டியதைச் செய்தேன். கோயம்புத்தூரில் ஒருவர் புது ரிப்பன் மாட்டிக் கொடுக்கிறார் என்று தெரிந்து அனுப்பி வாங்கினேன். மாட்டி வந்தபின் நல்ல மைக்தான், குறை சொல்ல முடியாது. தட்டு இல்லை, மூச்சு இல்லை. அந்தத் தேனும் இல்லை. எல்லார் வீட்டுக் கிட்டாரும் எப்படிக் கேட்குமோ அப்படிக் கேட்டது. எனக்கு நிம்மதியாகத் தூக்கம் வரவேண்டும். வரவில்லை.

போன வாரம் பெங்களூரிலிருந்து பதில் வந்தது. பிடித்திருக்கிறதாம். கடைசிச் சுற்றுக்கு இன்னொரு பாட்டு வேண்டுமாம், முதலில் அனுப்பியதைப் போலவே அதே சத்தத்தில், அதே மைக்கில் எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தார்கள். சரிசெய்த மைக்கில் ஒன்று எடுத்து இர்ஃபானுக்குப் போட்டுக் காட்டினேன். அவன் பாதியிலேயே ஹெட்போனைக் கழற்றிவிட்டான்.

"இத அனுப்புனா நான் கடைக்குத்தான் போகணும்."

"அப்ப என்னடா செய்யச் சொல்ற?"

ஹெட்போன் வயரைச் சுற்றி என் கையில் கொடுத்தான். "காலம்பூரா வாட்சுக்கு பேட்டரி மாத்துறதுக்கு அந்த ஆளே பரவால்ல தனம்" என்றான். சிரிக்கத்தான் சொன்னான். இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

அதிலிருந்து ஒரே யோசனை. அவன் வாசிப்புக்கு முன்னால் வருகிறதை நான் வெட்டிவிட்டேன், ஒவ்வொரு தடவையும் வெட்டிவிட்டேன். சென்னையில் என் காதைச் சொன்னாரே அவர், அவரும் நான் பதில் சொல்ல வாயெடுத்தபோது வேறு பக்கம் திரும்பிப் பேச ஆரம்பித்துவிட்டார். அது நெஞ்சில் எங்கே உட்காரும் என்று எனக்குத் தெரியும். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள், எனக்கே தெரியாது.

இன்று காலை திருகாணிகளைக் கழற்றி, புது ரிப்பனை இடுக்கியால் எடுத்துக் காகிதத்தில் மடித்து வைத்துவிட்டேன். வெறும் மைக்கை ஸ்டாண்டில் மாட்டியாயிற்று. மதியம் வரச் சொல்லி இர்ஃபானிடம் சொல்லிவிட்டேன். கீழே மிஷின் இப்போதுதான் நின்றது. அவன் வருவதற்கு இன்னும் நேரம் இருக்கிறது. கிட்டார் குறுக்கே விழாமல் அவர் சொல்ல வந்ததைச் சொல்லட்டும் என்று நான் ரெக்கார்டிங்கை ஓடவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, வெளியே மாடிப்படியில் வந்து உட்கார்ந்துவிட்டேன்.