தொட்டி மணிக்கு ஒரு டப்பா

பிள்ளைகளே, நான் பத்தாவதோடு படிப்பை விட்டவன். ஆனாலும் ஒரு தடவை எலெக்ட்ரானிக்ஸ் வேலை செய்து பார்த்தேன். அதற்குக் காரணம் வடகம்.

வடமதுரையில் எங்கள் மாடித் தொட்டி நிறைந்து வழிந்தால், தண்ணீர் பக்கத்து வீட்டு அக்காவின் மாடியில் போய் விழும். அங்கேதான் அவர் வடகம் காயப்போடுவார். இரண்டு தடவை அது மறுபடியும் கூழாகிவிட்டது. இன்னொரு தடவை இப்படி நடந்தால் எங்கள் வீட்டோடு பேச்சே கிடையாது என்று சொல்லிவிட்டார். அவசரம் என்றால் நாங்கள் முதலில் கதவைத் தட்டுவது அவர் வீட்டில்தான். அதனால் எனக்கு உண்மையிலேயே பயம் வந்துவிட்டது.

போனில் பார்த்துப் பார்த்து, ஒரு சிறிய பலகையில் நாலைந்து சாமான்களைப் பற்றவைத்தேன். அதிலிருந்து இரண்டு வயர் தொட்டிக்குப் போகும்; தண்ணீர் விளிம்புக்கு ஏறி அந்த இரண்டையும் தொட்டால் பஸ்ஸர் கத்தும். மேஜைமேல் வைத்துப் பார்த்தபோது நன்றாகவே கத்தியது. அதை டப்பாவுக்குள் அடக்குவதற்குள்தான் உயிர் போயிற்று.

சோப்பு டப்பாவுக்குள் பலகை போனது, பேட்டரி போகவில்லை. இரண்டையும் திணித்தால் மூடி வாயைப் பிளந்தது. என் மனைவி வெங்காயம் உரித்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அளந்து பாக்கலையா?"

"பலகைய அளந்தேன்டி."

"அப்ப பேட்டரி யாரு வீட்டுப் பிள்ளை?"

கடைசியில் அவளே சீரகம் வைத்திருந்த ஐஸ்கிரீம் டப்பாவைக் காலி செய்து கொடுத்தாள். சத்தம் வெளியே வர, ஆணியைக் காய்ச்சி மூடியில் வட்டமாக ஏழு ஓட்டை போட்டேன். மோட்டார் சுவிட்சுக்குப் பக்கத்தில் மாட்டினேன். புதுச் சாமான் ஆயிற்றே, அன்று மாலையே அவள் அதற்குச் சாமி கும்பிட்டாள்.

மறுநாள் காலை மோட்டாரைப் போட்டுவிட்டு நிம்மதியாகப் பேப்பர் படித்தேன். எங்கோ ஒரு கொசு பாடுவது போலிருந்தது. அடுத்து அக்காவின் குரல்தான் கேட்டது.

"ஏலே தம்பி! வடகம் பிழியுறேனா, இல்ல குளிக்கிறேனா?"

ஓடிப்போய் மோட்டாரை நிறுத்திவிட்டு டப்பாவைப் பார்த்தேன். ஏழு ஓட்டையையும் மூடி அப்பளம் மாதிரி ஒரே சந்தனப் பொட்டு. காய்ந்து இறுகியிருந்தது. நடுவில் குங்குமம்.

"ஓட்டைய அடைச்சு வச்சிருக்கியே!"

"வட்டமா இருந்துச்சு. பொட்டு வைக்கத்தான் எடம் விட்டிருக்கீகன்னு நெனச்சேன்."

"தொடச்சு விடு."

"சாமி கும்பிட்டு வச்ச பொட்டையா? நீங்க தொடைங்க பாப்போம்."

எனக்கும் கை வரவில்லை. மறுபடியும் ஆணியைக் காய்ச்சி, டப்பாவின் பக்கவாட்டில் ஓட்டை போட்டு முடித்தேன். அதற்குள் அக்கா சொட்டச் சொட்ட நனைந்தபடி வாசலில் வந்து நின்றார்.

"எங்க, கத்தவிடு. நானும் கேக்குறேன்."

தொட்டிக்குப் போன வயர் இரண்டையும் இழுத்து ஒரு சொம்புத் தண்ணீரில் விட்டேன். அது கத்திய கத்தலில் அக்கா இரண்டடி பின்னால் போனார்.

"இம்புட்டு கத்துதுல்ல? இது ஒங்க வீட்டுல இருந்தா நீ பேப்பர் படிச்சுக்கிட்டு இருப்ப. எங்க வீட்டுல மாட்டு."

அப்படியே வயரை நீட்டி அவர் அடுப்படியில் மாட்டினேன். இப்போதெல்லாம் காலையில் பஸ்ஸர் அக்காவைக் கூப்பிடும், அக்கா என்னைக் கூப்பிடுவார். பேசவே மாட்டேன் என்றவர், நான் மோட்டாரை நிறுத்திய பிறகும் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று கால்மணி நேரம் பேசிக்கொண்டே இருக்கிறார்.